நாற்காலிமேல் கால்

உலகநாதனால் உட்கார முடியவில்லை. நிலத் தரகனுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறு என்ன வந்துவிடப் போகிறது? தரகு என்பதே உட்காரும் தொழில். காலையில் ஞானதாஸ் டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டும். வெயில் ஏறினதும், மனை பார்க்க வந்த பார்ட்டியின் காரில் உட்கார வேண்டும். திருப்போரூர் பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில், பேர் கூப்பிடும் வரைக்கும் உட்கார வேண்டும். சாயங்காலம் பாரில் உட்கார வேண்டும். இவ்வளவு உட்கார்ந்ததற்குத்தான் கமிஷன். மற்றபடி அவன் என்ன வேலை செய்தான் என்று அவன் பெண்டாட்டி ரேணுகாவுக்கும் தெரியாது, கேளம்பாக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

தையூர்ப் பக்கம் அப்பன் விட்டுப்போன நஞ்சையை விற்ற மறுநாளே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறியவன் அவன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வருஷங்களில் எங்கள் பக்கம் எவன் மேல் மோதினாலும் அவன் தரகனாகத்தான் இருப்பான். பழைய மாமல்லபுரம் ரோட்டை இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. புழுதியில் வெள்ளைச் சட்டை மதியத்துக்குள் செங்கல் நிறமாகிவிடும். உலகநாதன் வீட்டுக்குப் போய் வேறு மாற்றிக்கொண்டு வருவான். அதைத் துவைப்பது யார் என்று அவன் யோசித்ததில்லை.

அந்தச் சட்டைக்காக அவன் செய்த இன்னொரு காரியமும் உண்டு. தொப்பை தெரியக்கூடாது என்று வயிற்றை எக்கிப் பிடித்தபடியேதான் நடப்பான், நிற்பான், பேசுவான். பார்ட்டியோடு காரில் போகும்போது ஒன்றுக்கு வந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல மாட்டான். ரோட்டோரம் ஒதுங்கினால் மதிப்புக் குறைந்துவிடுமாம். சென்னையிலிருந்து வந்த பார்ட்டிகள் எல்லாம் இறங்கி வேலி ஓரம் போய் வருவார்கள். இவன் மட்டும் காருக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு மதிப்போடு இருப்பான்.

வலி வந்தது அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு தொடையும் சேருகிற இடத்துக்குப் பின்னால், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடத்தில். உட்கார்ந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் போனால் எரியும். போய்விட்டு வந்து வேட்டியைக் கட்டுவதற்குள் மறுபடி போக வேண்டும் போல இருக்கும். முதலில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கித் தின்றான். பிறகு இரண்டு டாக்டர்கள், அவர்களுடைய மாத்திரைகள். அதற்கும் கேட்கவில்லை என்றதும் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற ஒரு பரம்பரை வைத்தியனிடம் போனான். அவன் நாடியைக்கூடப் பிடிக்காமல், "எளமைல பண்ண தப்பு" என்று சொல்லி ஒரு டப்பா லேகியம் கொடுத்தான். உலகநாதன் இளமையில் எந்தத் தப்பும் பண்ணியதில்லை. அதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு லேகியத்தை வாங்கி வந்தான். வரும்போது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாக ரேணுகா சொன்னாள்.

கடைசியில் சென்னையில் ஒரு பெரிய டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமியும் இல்லை, கல்லும் இல்லை, கட்டியும் இல்லை, தசை இறுக்கம்தான், பிசியோதெரபிக்குப் போ என்று அனுப்பிவிட்டார். அந்த வைத்தியம் கேளம்பாக்கத்திலேயே கிடைத்திருக்கும். ஊர்க்காரன் எவன் கண்ணிலும் படக்கூடாது என்று உலகநாதன் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போனான். அங்கே கோட்டைச் சுவருக்குப் பின்தெருவில் ஜெஸ்ஸி என்கிற பெண், வீட்டு முன்னறையில் பிசியோதெரபி பார்த்துவந்தாள். நாகர்கோவில்காரி. புருஷனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசனையும் கடல்காற்றும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன.

"சார், வயித்தை விடுங்க" என்றாள் ஜெஸ்ஸி.

"வுட்டுகினுதானே கீறேன்."

"இல்ல. எக்கிப் பிடிச்சிருக்கீங்க. மூச்சு நெஞ்சோட நிக்குது பாருங்க."

கூட வந்திருந்த ரேணுகா சிரித்துவிட்டாள். "அவுரு எப்பவும் அப்டித்தாம்மா. தாலி கட்டச் சொல்லவே எக்கிகினுதான் கட்னாரு."

"நீ வாய மூடு" என்றான் உலகநாதன்.

ஜெஸ்ஸி தன் கையை முஷ்டியாக்கிக் காட்டினாள். "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் கையை இப்படியே வச்சிருந்தா வலிக்குமா, வலிக்காதா? இடுப்புக்கு அடியில தட்டு மாதிரி தசை இருக்கு சார். அதை நீங்க வருஷக்கணக்கா இறுக்கி வச்சிருக்கீங்க. வயித்தை எக்கறது, ஒண்ணுக்கு அடக்கறது, எல்லாம் சேந்துதான். அதுக்கு விடவே மறந்துபோச்சு. மறுபடி பழக்கணும்."

"ஊசி?"

"தேவையில்ல."

"ஆப்ரேசன் கீப்ரேசன்..."

"அதும் வேண்டாம்."

உலகநாதனின் முகம் தொங்கிப்போயிற்று. ஆபரேஷன் என்றால் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு நாலு பேர் பார்க்க வருவார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். ஊசிகூட இல்லாத நோயை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷன் என்ன செய்வான்?

ஜெஸ்ஸி அவனைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்தாள். ஒரு கையை அடிவயிற்றின் மேல் வைக்கச் சொன்னாள். மூச்சை இழுத்தால் அந்தக் கை மேலே வர வேண்டும், விட்டால் தானாக இறங்க வேண்டும். உள்ளே இழுக்கும்போது கீழே இருக்கிற தசை தளர்ந்து இறங்குவதைக் கவனிக்க வேண்டும். முக்கக் கூடாது. அடுத்தது, முழங்கால் இரண்டையும் மார்புப் பக்கம் மடக்கி, விரித்து, பாதங்களைக் கையால் பிடித்துக்கொள்வது.

"இது கொயந்த வெளையாடற மாரி கீதே" என்றான் உலகநாதன்.

"குழந்தைங்களுக்கு இந்த வலி வர்றதில்லையே சார்."

தினமும் இரண்டு வேளை இதைச் செய்ய வேண்டும். பொறுக்கிற சூட்டில் தொட்டியில் வெந்நீர் விட்டு இடுப்பு மூழ்க உட்கார வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. வரவில்லை என்றால் பயந்துகொண்டு போகக் கூடாது. ஒரே இடத்தில் உட்காராமல் எழுந்து நடக்க வேண்டும். வாரம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, வந்து காட்ட வேண்டும்.

"முழுசா பூடுமாம்மா?" என்று ரேணுகா கேட்டாள்.

"குறையும். சில நாள் திரும்ப வரும். வந்தா என்ன செய்யணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யா போயிரும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உலகநாதன் நின்றுகொண்டே வந்தான். மாமல்லபுரத்தில் இறங்கி டீ குடித்தார்கள். டீக்கடை ஓரத்தில் வைத்து ரேணுகாவிடம் கையை நீட்டினான்.

"நம்ம பொண்ணு தலமேல சத்தியம் பண்ணு. இத்த யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு."

"இன்னாத்துக்குயா? கொலையா பண்ணிகினு வந்துகீறோம்?"

"பண்ணுடி."

மகள் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ரேணுகா ஆடிக்கு ஆடி கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்குத்தான் ஏதாவது ஆகும் என்று மனசார நம்புகிறவள். அது உலகநாதனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான். அவள் அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

ரேணுகாவுக்குக் கோவளம் ரோட்டில் ஒரு டிபன் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. இருட்டு பிரிவதற்குள் அடுப்பு மூட்டிவிடுவாள். இட்லி, பொங்கல், பூரி, ஞாயிற்றுக்கிழமை வடகறி. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போவார்கள். ரோடு போடுகிறவர்கள் நின்றுகொண்டே தின்பார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் பையன்கள், கழுத்தில் அட்டை தொங்க, சட்னியை ஊற்றிக் குடிப்பார்கள். அவளுடைய தம்பி மோகன் நாவலூர் கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறான். தினமும் வருவான். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டான். "டிரைவருக்கு ஏதுக்கா டைமு" என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றுவிட்டுப் போவான். மாவு ஆட்ட, பாத்திரம் தேய்க்க அம்சா என்று ஒருத்தி இருந்தாள். மகள் ஹாஸ்டலில் படிப்பதும், உலகநாதனின் சட்டை வெள்ளையாக இருப்பதும் அந்த இட்லிப் பானையால்தான். கமிஷன் வந்தால் பாருக்குப் போகும், வராவிட்டால் அவன் கை இட்லிக் கடைக் கல்லாவுக்கு வரும்.

இந்த வேலைக்கு நடுவில் இரண்டு வேளை வெந்நீர் வைத்து, நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, முடிந்ததும் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பாள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உலகநாதனுக்கு வலி பாதி குறைந்துவிட்டது. ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினான். டீக்கடை பெஞ்சில் ஒரு டீ குடித்து முடிக்கும் வரைக்கும் உட்கார முடிந்தது.

அந்த பெஞ்சில்தான் வினை பிடித்தது. காசிநாதன் என்று இன்னொரு தரகன். இரண்டு செவ்வாய்க்கிழமை சதுரங்கப்பட்டினத்துக்கு மனை காட்டப் போனவன், உலகநாதன் ஒரு வீட்டிலிருந்து தனியாக வெளியே வருவதையும் ஒரு பெண் கேட் வரைக்கும் வந்து நிற்பதையும் பார்த்துவிட்டான்.

"இன்னா அண்ணாத்த, செவ்வாக்கெழமைன்னா சதுரங்கப்பட்டினமாமே? எடம் சோக்கா கீதா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இடுப்பு வலி, வைத்தியத்துக்குப் போகிறேன் என்றால் முடிந்துவிடும். உலகநாதன் மீசையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு காசி?" என்றான். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஆகா என்றார்கள். சின்ன வீடு வைத்திருக்கிறவன் என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு மரியாதை. வைத்துக்கொள்ள வக்கில்லாதவர்கள்தான் அதிகம் மரியாதை கொடுப்பார்கள். உலகநாதன் அந்த மரியாதையை ஓசியில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆனால் ஊர் வாய் அதோடு நிற்குமா? மெடிக்கல் ஷாப்பில் அவன் மாத்திரை கேட்டது ஒருத்தனுக்கு ஞாபகம் வந்தது. லாட்ஜ் வைத்தியனிடம் அவனைப் பார்த்தது இன்னொருத்தனுக்கு ஞாபகம் வந்தது. இப்படி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமைத்தார்கள். சதுரங்கப்பட்டினத்துப் பொம்பளையிடம் போய் உலகநாதன் சீக்கு வாங்கிவந்துவிட்டான் என்று ஆயிற்று. அவனுக்கு வந்தால் பெண்டாட்டிக்கு வராதா?

முதலில் உப்பளத்துப் பெண்கள் வரவில்லை. மழைக்கு உப்பளத்தில் வேலை இல்லை, அதனால்தான் என்று ரேணுகா நினைத்தாள். பிறகு ரோடு வேலை ஆட்கள் எதிர்ச்சாரித் தள்ளுவண்டிக்குப் போனார்கள். வடகறி அண்டாவில் பாதி மிஞ்சியது. மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. ஒருநாள் அம்சா வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நாளீலேந்து நான் வர்லக்கா."

"ஏன்டி? இன்னா ஆச்சி?"

"ஒன்னும் இல்லக்கா."

"சொல்லிட்டுப் போ."

"அந்த நீலத் தொட்டிய நீ தனியா தேச்சி வெயில்ல கவுக்கறத நான் பாத்துகினுதான் கீறேன். அத்தத் தொட்ட கையாலதானே மாவு கரைக்கிற? எனுக்கும் புள்ளைங்க கீதுக்கா."

ரேணுகா தன் கையைப் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாக நெருப்பில் நின்ற கை மாதிரி அது காய்த்துப்போயிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட கை. அம்சா போன பிறகு வெகுநேரம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. செய்யாத குற்றத்துக்கு வருகிற அவமானம் மற்றதைவிட மோசமாக எரியும்.

உள்ளே போய்ப் புருஷனிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லுயா. தச வலி, எக்சர்சைசு பண்றேன்னு ஞானதாஸ் கடையாண்ட குந்திகினு சொல்லு. போதும்."

"சொன்னா நாளிக்கி எவன்டி எனுக்குப் பார்ட்டி தருவான்? கால நாற்காலி மேல தூக்கிப் போட்டுகினு மூச்சு வுட்டுகினு கீறான்னு சிரிப்பானுங்க."

"இப்ப சீக்காளின்றானுங்களே, அது பரவால்லியா?"

"அது ஆம்பளைக்கு வர்றதுதான். நாலு நாள் பேசுவானுங்க, பூடும்."

"எனுக்கு? நான் இன்னா பண்ணேன்யா? என் கையால துன்ன மாட்டேன்றாங்க. கடய மூடிட்டா பொண்ணு பீசு யாரு கட்டுவா, உன் வெள்ளச் சட்டையா?"

உலகநாதன் பாயை விரித்துப் போட்டான். "தண்ணி காஞ்சிதா பாரு" என்றான்.

இப்படி ஒரு ஜென்மத்தை என்ன சொல்லித் திட்டுவது? அவள் திட்டவில்லை. போய்த் தண்ணீரை விளாவினாள்.

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தூறலில் நனைந்துகொண்டு மோகன் வந்தான். கூடவே ரேணுகாவின் சின்னம்மா சந்திரம்மா. நடுவிலே பேச ஒரு ஆள் வேண்டும் என்று காசிநாதனையும் கூட்டிவந்திருந்தார்கள். தீயை வைத்தவனையே தண்ணீர் ஊற்றக் கூப்பிடுவது எங்கள் ஊர் நியாயம். ரேணுகா எல்லாருக்கும் நாற்காலி போட்டாள். சந்திரம்மாவும் காசிநாதனும் உட்கார்ந்தார்கள். மோகன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, துணிய எடுத்து வை. கெளம்பு."

"எங்கடா?"

"நம்ம வூட்டுக்கு. மொதல்ல ரத்த டெஸ்ட்டு எடு. அப்பால பேசிக்கலாம். ஊரே காறித் துப்புது. கம்பெனி வேன்ல பசங்க என்னியே கேக்கறானுங்க, உங்க அக்கா கட நல்லா கீதா அண்ணான்னு. அசிங்கமா கீது."

"தலயெழுத்துடி" என்று சந்திரம்மா ஆரம்பித்தாள். "அவன் கெட்டு அலைறது உனுக்குத் தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு."

"நான் ஒன்னும் சொல்ல முடியாது சின்னம்மா. பொண்ணு தலமேல சத்தியம் பண்ணிகீறேன்."

அவ்வளவுதான். சந்திரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். காசிநாதன், நான் அப்பவே சொன்னேன் பாத்தியா என்கிற மாதிரி மோகனைப் பார்த்தான். மோகன் தூணை விட்டு முன்னால் வந்தான்.

"எங்க அந்தாளு?"

"உள்ளதான் கீறாரு."

"வரச்சொல்லு வெளிய."

ரேணுகா எழுந்தாள். உள்ளறைக் கதவு மழைக்கு உப்பிப்போய்த் தாழ்ப்பாள் விழாது. உள்ளேயிருந்து ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தான். அவள் கதவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம், காட்ட மாட்டேன் என்று இல்லை. கடவுளுக்கும் அது தெரியும் என்று நினைத்திருப்பாள். காலை வைத்து ஓர் உதை விட்டாள். செங்கல் நகர்ந்தது, கதவு விரியத் திறந்தது.

கோரைப் பாயில் உலகநாதன் பனியனோடு மல்லாந்து கிடந்தான். இரண்டு காலும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் இருந்தன. பக்கத்தில் நீலத் தொட்டி. கண்ணை மூடியிருந்தான். இருபது வருஷமாக ஊரில் யாரும் பார்த்திராத அவனுடைய தொப்பை முழுசாக விடுதலையாகி, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது, பிறகு மெல்ல இறங்கியது, மறுபடி மேலே வந்தது.

"ரேணு, தண்ணி ஆறிப்போச்சி. வேற ஊத்து" என்றான், கண்ணைத் திறக்காமல்.

பிறகு காசிநாதன் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பு எதிர்ச்சாரித் தள்ளுவண்டி வரைக்கும் போயிருக்கும்.

உலகநாதன் கண்ணைத் திறந்தான். முதல் காரியமாக வயிற்றை எக்கினான். எக்கினதும் கீழே சுரீர் என்று பிடித்து, "ஆ" என்று கத்தினான். சட்டென்று எழுந்திருக்க முடியாது. ஒருக்களித்துத்தான் எழ வேண்டும் என்று ஜெஸ்ஸி சொல்லியிருந்தாள். காலை எடுக்கப் போய் நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

"இன்னாடி கோலம் இது?" என்றாள் சந்திரம்மா.

"நான் சொல்ல மாட்டேன். அந்தாளையே கேளு."

வேறு வழியில்லை. தரையில் கிடந்தபடி, பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு, உலகநாதன் சொன்னான். தசை வலி. சதுரங்கப்பட்டினத்தில் இருப்பது டாக்டரம்மா. புருஷன், பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். சீக்கெல்லாம் ஒன்றும் இல்லை. மூச்சுப் பயிற்சி. வெந்நீர் வைத்தியம்.

"அப்போ சின்ன வூடு?" என்றான் காசிநாதன், உண்மையாகவே வருத்தப்பட்டு.

"இல்லபா."

மறுநாளிலிருந்து அவன் பெயர் மூச்சு உலகநாதன். டீக்கடைப் பக்கம் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் வயிற்றை உப்பிக் காட்டுவார்கள். சீக்காளி என்று பேசினபோது எழுந்து இடம் விட்ட அதே ஆட்கள்தான். ஆனால் தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. பார்ட்டிகளுக்கு மனைதான் வேண்டும், தரகனின் வயிறு எப்படிப் போனால் அவர்களுக்கு என்ன? இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு பெண்டாட்டியின் மானம் செலவாயிற்று. ரேணுகாவிடம் ஒரு மாசம் பேசவில்லை. வெந்நீரை மட்டும் அவனே வைத்துக்கொண்டான்.

கடைக்குக் கூட்டம் திரும்பியது. அம்சாவும் ஒருநாள் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். ரேணுகா அவளைத் திட்டவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. நீலத் தொட்டியை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டாள்.

"மொதல்ல இத்தத் தேயி. அப்பால மாவுல கைய வை."

அம்சா தேய்த்தாள்.

மோகன் மட்டும் வழக்கம்போல வந்து, வழக்கம்போல நின்றுகொண்டே தின்றான். மாமாவைக் கிண்டல் பண்ணுவதில் ஊருக்கே அவன்தான் முன்னால். தை பிறந்த பிறகு ஒரு காலை, கடை நிறைய ஆள் இருந்தது. காசிநாதன் பூரிக்காகக் காத்திருந்தான். மோகன் தட்டோடு கல்லாப் பக்கம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா. அந்த டாக்டரம்மா செவ்வாக்கெழமை மட்டுந்தான் பாப்பாங்களா?"

"யாருக்குடா?"

"ஃபிரெண்டு ஒருத்தன். வேன் ஓட்றவன். ரொம்ப நேரம் குந்திகினே கீறானா, அதான்."

ரேணுகா தம்பியைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அவன் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தின்றதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூடவே, அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, ரத்த டெஸ்ட்டு எடு என்று சொன்னதும் காதில் கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து அவன் முன்னால் போட்டாள்.

"குந்து. குந்திகினு கேளு, அட்ரஸ் தர்றேன்."

மோகன் நாற்காலியைப் பார்த்தான். அவன் குந்தவில்லை.

"குந்த முடியலியா? சரி, நின்னுகினே கேளு" என்றாள் ரேணுகா. "ஆனா சத்தமா கேளு. எல்லாரும் துன்னுகினுதான் கீறாங்க. கேக்கட்டும்."